தனியார் கிளினிக்கில் கண்டறியப்படும் டெங்கு எந்தக் கணக்கில் சேர்கிறது?

அடையாறுவாசி:

வடகிழக்குப் பருவமழை தொடங்கிவிட்டால் சென்னையில் டெங்கு பற்றிய செய்தி இல்லாத வாரமே இருப்பதில்லை. மாநிலம் முழுவதும் இத்தனை பேர், மாநகராட்சி எல்லைக்குள் இத்தனை பேர் என்று ஓர் எண் வெளியாகிறது. என் ஐயம் அந்த எண்ணைப் பற்றியது. எங்கள் குடியிருப்பில் இந்தப் பருவத்தில் பல வீடுகளில் காய்ச்சல் கண்டது. தனியார் ஆய்வகத்தில் டெங்கு என்று முடிவும் வாங்கினார்கள். தெருமுனை கிளினிக்கிலேயே சிகிச்சை பெற்றுக் குணமடைந்தும் விட்டார்கள். அரசு மருத்துவமனையின் வாசலை அவர்களில் ஒருவரும் மிதிக்கவில்லை. அப்படியானால் அவர்கள் அந்த எண்ணுக்குள் இருக்கிறார்களா, வெளியே இருக்கிறார்களா?

நான் படித்தறிந்தவரை, 1994-இல் சூரத்தில் பிளேக் பரவி நாடே கலங்கிய பிறகுதான் தொற்றுநோய்களை ஒழுங்காகக் கண்காணிக்க வேண்டும் என்ற எண்ணம் தில்லியில் வலுப்பெற்றது. சில மாவட்டங்களில் முன்னோட்டமாக நடந்த முயற்சிக்குப் பிறகு, 2004 நவம்பரில் உலக வங்கியின் உதவியோடு ஒருங்கிணைந்த நோய்க் கண்காணிப்புத் திட்டம் தொடங்கப்பட்டது. கிராம சுகாதாரச் செவிலியர் அறிகுறிகளை மட்டும் வைத்து நிரப்பும் 'எஸ்' படிவம், மருத்துவர் தம் கணிப்பை எழுதும் 'பி' படிவம், ஆய்வகம் உறுதிசெய்ததை எழுதும் 'எல்' படிவம் என்று மூன்று வழிகளில் வாரந்தோறும் தகவல் மேலே சென்றது. 2021 ஏப்ரலில் இந்த ஏற்பாடு முழுவதும் ஒரே இணையத் தளத்துக்கு மாற்றப்பட்டு, முப்பதுக்கும் மேற்பட்ட நோய்கள் அன்றாடம் பதிவாகும் நிலை வந்தது. ஏட்டில் பார்த்தால் இதில் குறை சொல்ல எதுவும் இல்லை. ஆனால் இந்த மூன்று படிவங்களில் எதுவும் எங்கள் தெருமுனை கிளினிக்கின் மேசைமேல் இருப்பதாகத் தெரியவில்லை. துறை அறிந்தவர்கள் விளக்கினால் நன்றாயிருக்கும்.

மாம்பலம் பொதுமருத்துவர்:

உங்கள் அயலாரில் பெரும்பாலோர் அந்த எண்ணுக்கு வெளியேதான் இருப்பார்கள். அதற்குக் காரணம் யாரோ எதையோ மறைக்கிறார்கள் என்பதாகவே இருக்க வேண்டியதில்லை. தேசியத் திட்டத்தின் விதிப்படி, டெங்கு உறுதியானது என்று எழுத, ஆய்வகக் கருவியில் இரத்தத்தைச் சோதிக்கும் எலைசா முறையில் செய்த சோதனை வேண்டும். காய்ச்சலின் முதல் ஐந்து நாட்களுக்குள் என்றால் கிருமியின் புரதத்தைத் தேடும் என்.எஸ்.1 எலைசா, அதற்குப் பிறகு என்றால் உடல் உருவாக்கும் எதிர்ப்புப் பொருளைத் தேடும் ஐ.ஜி.எம். எலைசா. தனியார் ஆய்வகங்களில் பலவும் செய்வது அட்டையில் கோடு தெரியும் துரிதச் சோதனை. இருபது நிமிடத்தில் முடிவு கையில் கிடைத்துவிடும். அந்த முடிவை வைத்து நான் சிகிச்சையைத் தீர்மானிக்கலாம், பிளேட்லெட்டைக் கவனிக்கச் சொல்லலாம். ஆனால் அரசுக் கணக்கில் அது 'டெங்குவாக இருக்கலாம்' என்ற வரிசையில் நிற்குமே தவிர உறுதியானவற்றில் சேராது. இந்த விதியில் நியாயம் இருக்கிறது. துரித அட்டைகளின் தரம் ஒன்றுபோல் இருப்பதில்லை, அவற்றை நம்பிக் கணக்கெழுதினால் இல்லாத நோயும் ஏறிவிடும்.

ஆனால் நியாயமான அந்த விதியின் விளைவைப் பாருங்கள். எலைசா செய்யும் ஆய்வகம் மாதிரிகள் ஓரளவு சேர்ந்த பிறகே அவற்றை ஒன்றாக ஒரு தட்டில் வைத்துச் சோதிக்கும், ஆகவே முடிவு வர ஒரு நாளோ இரண்டு நாளோ ஆகலாம். காய்ச்சலில் துவண்டு கிடக்கும் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வரும் தாயிடம், கணக்குக்காக இன்னொரு முறை இரத்தம் கொடுங்கள் என்று என்னால் சொல்ல முடிவதில்லை. அந்தச் செலவும் அவருடையதே. என் பதிவேட்டில் 'வைரஸ் காய்ச்சல்' என்றுதான் பெரும்பாலும் எழுதப்படுகிறது. இணையத் தளத்தைப் பற்றிக் கேட்டீர்கள். எனக்குத் தெரிந்த தனி மருத்துவர்களில் பலர் அதில் பதிவுசெய்துகொள்ளவில்லை. மாலை ஆறு மணியிலிருந்து பத்து மணி வரை தனியாளாக நோயாளிகளைப் பார்ப்பவருக்கு ஒவ்வொருவரின் வயது, முகவரி, அறிகுறி தொடங்கிய தேதி ஆகியவற்றைத் தட்டச்சு செய்ய ஆளில்லை.

எண்ணும் எழுத்தும்:

டாக்டர் சொன்ன இடைவெளி எவ்வளவு பெரியது என்பதற்கு ஒரு மதிப்பீடு உண்டு. 2014-இல் வெளியான ஓர் ஆய்வு, 2006 முதல் 2012 வரை இந்தியாவில் ஆண்டுக்குச் சராசரியாக இருபதாயிரத்துச் சொச்சம் டெங்கு நோயாளிகள் அரசுக் கணக்கில் பதிவான நிலையில், மருத்துவர்கள் கண்டறிந்த நோயாளிகள் உண்மையில் ஏறத்தாழ 58 லட்சம் பேர் இருந்திருக்கலாம் என்று கணித்தது. அதாவது 282 மடங்கு. அந்தப் பெருக்கல் எண் கிடைத்தது நம் மதுரை மாவட்டத்தில் செய்த கள ஆய்விலிருந்து. ஒரு மாவட்டத்தின் விகிதத்தை நாடு முழுவதற்கும் நீட்டலாமா என்று கேட்பவர்கள் உண்டு, அந்தக் கேள்வி சரியானதுதான். ஆனாலும் பாதியாகக் குறைத்தாலும், கால்வாசியாகக் குறைத்தாலும் அது சிறிய எண்ணாகிவிடாது.

இங்கே ஒரு தவறான முடிவுக்குத் தாவிவிட வேண்டாம். எண் குறைவாக இருப்பதாலேயே அது பயனற்றதாகிவிடாது. பேருந்தில் நூறு பேர் ஏறினால் பத்துப் பேரை மட்டுமே எண்ணும் நடத்துனர், எல்லா நாளும் அதே அளவில் எண்ணினால் கூட்டம் கூடுவதும் குறைவதும் அவர் கணக்கில் தெரிந்தே தீரும். கண்காணிப்பின் முதல் வேலை இன்று நேற்றைவிட அதிகமா, இந்த வார்டில் மற்ற வார்டுகளைவிட அதிகமா என்று சொல்வது. மொத்தம் எத்தனை என்பது அதற்கு அடுத்த வேலைதான். எண்ணும் அளவே மாறிக்கொண்டிருந்தால்தான் சிக்கல். இந்த ஆண்டு புதிதாகப் பத்து ஆய்வகங்கள் அறிவிக்கத் தொடங்கின என்றால் எண் ஏறும். ஏறியது நோயா, அறிவிப்பா என்பதை வெளியிலிருந்து பார்ப்பவரால் பிரித்தறிய முடியாது. அந்த எண்ணுக்குப் பக்கத்தில், அதை அனுப்பிய நிலையங்கள் எத்தனை, அனுப்ப வேண்டியவை எத்தனை என்ற இரண்டு எண்களையும் அச்சிட்டால் பாதி வாதம் தீர்ந்துவிடும்.

ஓய்வுபெற்ற சுகாதார ஆய்வாளர்:

மேலே எழுதியவர்கள் பதிவாகாதவற்றைப் பற்றிச் சொன்னார்கள். பதிவானவற்றிலும் ஒரு குழப்பம் உண்டு. சென்னையில் அது பெரிது. இங்குள்ள பெரிய மருத்துவமனைகளுக்குத் திருவள்ளூர், செங்கல்பட்டு, காஞ்சிபுரம் மாவட்டங்களிலிருந்தும், ஆந்திர எல்லைப்புற ஊர்களிலிருந்தும் நோயாளிகள் வருகிறார்கள். நோயாளி படுத்திருக்கும் இடத்தை வைத்துக் கணக்கெழுதினால் சென்னை முழுவதும் டெங்கு என்றாகிவிடும். ஆகவே குடியிருப்பு முகவரியை வைத்து அந்தந்த மாவட்டத்துக்குத் தகவல் அனுப்ப வேண்டும். ஆனால் சேர்க்கைச் சீட்டில் இருப்பது பல நேரங்களில் உறவினர் வீட்டு முகவரி. கும்மிடிப்பூண்டியில் காய்ச்சல் கண்டவர் புரசைவாக்கத்தில் அக்கா வீட்டு முகவரியைக் கொடுத்திருப்பார். நாங்கள் அந்த வீட்டுக்குப் போய்த் தொட்டியைத் திறந்து கொசுப்புழு தேடுவோம், புகை அடிப்போம். நோய் வந்த இடமோ நாற்பது கிலோமீட்டருக்கு அப்பால் இருக்கும். நான் பணியில் இருந்த காலத்தில், தொலைபேசியில் நோயாளியிடமே 'கடந்த பதினைந்து நாளில் எங்கெங்கே தங்கினீர்கள்' என்று கேட்பதை வழக்கமாக வைத்திருந்தேன். அந்த ஒரு கேள்வி எந்தப் படிவத்தையும்விட அதிகப் பயன் தந்தது.

இன்னொன்று, 'எங்களிடம் யாரும் இல்லை' என்று எழுதி அனுப்புவதன் அருமை நம்மில் பலருக்குப் புரிவதில்லை. போலியோவை ஒழித்ததில் சொட்டு மருந்துக்கு எவ்வளவு பங்கோ அவ்வளவு பங்கு இந்தச் சுழிய அறிக்கைக்கும் உண்டு. 1997-இல் தேசியப் போலியோ கண்காணிப்புத் திட்டம் வந்த பிறகு, பதினைந்து வயதுக்குட்பட்ட குழந்தைக்குத் திடீரென்று கை, கால் தளர்ந்தால் அது போலியோவாகத் தோன்றினாலும் தோன்றாவிட்டாலும் அறிவிக்க வேண்டும் என்றானது. பதினான்கு நாட்களுக்குள், இருபத்துநான்கு மணி நேர இடைவெளியில் இரண்டு மலமாதிரிகளை எடுத்து, குளிர் குறையாமல் ஆய்வகத்துக்கு அனுப்புவோம். நம் மாதிரிகள் கிண்டி கிங் நிலையத்தின் ஆய்வகத்துக்குப் போகும். யாரும் இல்லாத வாரத்திலும் 'இல்லை' என்று அறிக்கை போக வேண்டும். வேடிக்கை என்னவென்றால், போலியோ அல்லாத தளர்வாதம் ஒரு மாவட்டத்தில் குறிப்பிட்ட அளவுக்குக் கீழே அறிவிக்கப்பட்டால், அந்த மாவட்டத்தைப் பாராட்ட மாட்டார்கள், சரியாகத் தேடவில்லை என்று கேள்வி கேட்பார்கள். நாட்டின் கடைசிப் போலியோ நோயாளி 2011 ஜனவரியில் ஹௌராவில் கண்டறியப்பட்டார். அதன் பிறகு மூன்றாண்டுகள் யாருமே இல்லை என்பதை உலகம் ஏற்றுக்கொண்டு 2014 மார்ச்சில் சான்றிதழ் கொடுத்தது என்றால், அந்த 'இல்லை'க்குப் பின்னால் தேடியதற்கான சான்று இருந்தது. டெங்குவில் ஒரு கிளினிக் மௌனமாக இருந்தால் அங்கே நோயாளி இல்லை என்று பொருளா, எழுத ஆளில்லை என்று பொருளா?

கோடம்பாக்கம் குடிமகன்:

எல்லாரும் சுற்றி வளைக்கிறீர்கள். அறிவிக்காத மருத்துவருக்கும் ஆய்வகத்துக்கும் அபராதம் போட்டு, இரண்டு பேர் உரிமத்தை நிறுத்தினால் மறுநாளே எல்லாரும் அறிவிப்பார்கள். சட்டம் இல்லையா என்ன?

மாம்பலம் பொதுமருத்துவர்:

சட்டத்துக்கு என்ன குறைச்சல், ஐயா? 1897-இல் பம்பாய் பிளேக்கின்போது வந்த கொள்ளைநோய்ச் சட்டம் இருக்கிறது. 1939-ஆம் ஆண்டின் பொதுச் சுகாதாரச் சட்டம் தொற்றுநோயைக் கண்ட மருத்துவர் தாமதமின்றித் தெரிவிக்க வேண்டும் என்று அப்போதே கடமையாக்கியிருக்கிறது. டெங்குவும் அறிவிக்கப்பட வேண்டிய நோய்தான். காசநோய் 2012 மே மாதம் முதல் அறிவிக்கப்பட வேண்டிய நோய். அதுவும் போதவில்லை என்று 2018-இல் மருந்துக்கடைகளையும் சேர்த்து, அறிவிக்கத் தவறினால் இந்தியத் தண்டனைச் சட்டத்தின்படி சிறை வரை போகலாம் என்று அரசிதழில் வெளியிட்டார்கள். அதற்காகத் தனி மருத்துவர் எவரும் சிறைக்குப் போனதாக நான் கேள்விப்பட்டதில்லை.

ஆனால் காசநோயில் தனியார் அறிவிப்பு உண்மையிலேயே ஏறியது. 2023-இல் நாடு முழுவதும் அறிவிக்கப்பட்ட ஏறத்தாழ 25.5 லட்சம் பேரில் மூன்றில் ஒரு பங்கினர் தனியாரிடமிருந்து வந்தவர்கள். தண்டனைக்குப் பயந்து இது நடந்ததென்று நான் நினைக்கவில்லை. அறிவித்தால் மருத்துவருக்கு 500 ரூபாய், சிகிச்சை முடிந்த விவரத்தைத் தந்தால் மேலும் 500 ரூபாய், நோயாளிக்கு ஊட்டச்சத்துக்கு மாதந்தோறும் பணம், அதுவும் 2024 நவம்பரிலிருந்து ஆயிரம் ரூபாய், இலவச மருந்து, பதிவு செய்ய நேரில் வந்து உதவும் பணியாளர். அறிவித்தால் என் நோயாளிக்கு ஏதோ கிடைக்கிறது என்பதால் நான் அறிவிக்கிறேன். டெங்குவில் அறிவித்தால் என்ன கிடைக்கும்? கொசுப்புகை அடிக்கும் வண்டி வரும். வீட்டுக்காரர் வாடகைக்காரரை முறைப்பார். சில நோயாளிகள் என்னிடமே 'டாக்டர், கார்ப்பரேஷனுக்குச் சொல்லிடாதீங்க' என்று கேட்டுக்கொள்கிறார்கள்.

வேலூர்க்காரன்:

டாக்டர் அம்மா சொன்னதற்கு வலுச்சேர்க்கும் எடுத்துக்காட்டு எங்கள் ஊரிலேயே இருக்கிறது, சென்னையில் அதை நினைவில் வைத்திருப்பவர்கள் குறைவு. வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரியின் டி. ஜேக்கப் ஜான் 1980-களில் அன்றைய வடஆர்க்காடு மாவட்டத்தில் ஒரு கண்காணிப்பு முறையைத் தொடங்கினார். கணினி கிடையாது, இணையம் கிடையாது. மருத்துவர்களிடம் அச்சிட்ட அஞ்சலட்டைகள் கொடுக்கப்பட்டன, தபால் செலவு அவர்களுடையதன்று. குறிப்பிட்ட சில நோய்களில் ஒன்றைச் சந்தேகித்தாலே போதும், உறுதியாகும் வரை காத்திருக்க வேண்டாம். அட்டையில் நிரப்பித் தபாலில் போட்டுவிடலாம். அரசு மருத்துவர், தனியார் மருத்துவர் இருவரும் அனுப்பினார்கள்.

அதில் எனக்கு முக்கியமாகப் படுவது அஞ்சலட்டையன்று. வந்த தகவல்களைத் தொகுத்து 'நதி' என்ற பெயரில் மாதந்தோறும் ஒரு செய்திமடலை அதே மருத்துவர்களுக்குத் திருப்பி அனுப்பினார்கள். நான் அனுப்பிய அட்டை எங்கே போனது, அதே மாதம் பக்கத்துத் தாலுகாவில் என்ன நோய் தலைகாட்டியது என்பதை மருத்துவர் அதில் பார்த்தார். அடுத்த நோயாளியைச் சோதிக்கும்போது அது அவருக்கே பயன்பட்டது. பின்னாளில் கேரளத்தில் கோட்டயம் மாவட்டமும் இந்த முறையைத் தழுவிக்கொண்டது. இன்று நம்மிடம் இருக்கும் இணையத் தளம் தில்லிக்கு நொடியில் தகவல் அனுப்பும். மாம்பலத்து மருத்துவருக்கு மாம்பலத்தைப் பற்றி அது என்ன சொல்கிறது?

மாம்பலம் பொதுமருத்துவர்:

எனக்கு எதுவும் வந்ததில்லை. செய்தித்தாளைப் பார்த்துத்தான் என் வார்டில் டெங்கு இருப்பதைத் தெரிந்துகொள்கிறேன்.

ஆய்வகத்திலிருந்து:

எண்களைப் பற்றியே பேசிக்கொண்டிருக்கிறோம். படிவத்தில் இல்லாத நோயை எந்த எண்ணும் காட்டாது என்பதையும் சேர்த்துக்கொள்ள வேண்டும். 1992-இன் பிற்பகுதியில் சென்னையில் காலராவைப் போலவே கடுமையான வயிற்றுப்போக்கு பரவியது. ஆனால் நோயாளிகளிடமிருந்து எடுத்த கிருமி, காலராவை உறுதிசெய்ய அதுவரை பயன்பட்ட ஓ1 எதிர்ச்சீரத்தோடு (ஓ1 வகைக் காலராக் கிருமியைத் திரளச் செய்யும் சோதனைத் திரவம்) ஒட்டவில்லை. ஒட்டாததை எல்லாம் 'காலரா அன்று' என்று ஒதுக்கிவிடுவதே வழக்கம். அப்படி ஒதுக்காமல் வைத்து ஆராய்ந்ததால்தான் ஓ139 என்ற புதிய வகை அடையாளம் காணப்பட்டது. அது பின்னர் வங்கதேசம் வரை பெருவாரியாகப் பரவியது. 1986-இல் சென்னை மருத்துவக் கல்லூரியில் சுனிதி சாலமனும் அவருடைய மாணவி நிர்மலாவும் இந்தியாவின் முதல் எச்.ஐ.வி. தொற்றுகளைக் கண்டறிந்தபோதும் எந்தப் படிவமும் அதைக் கேட்டிருக்கவில்லை. 2018 மே மாதம் கோழிக்கோட்டில் நிபா வைரஸ் வெளிப்பட்டது ஒரு தனியார் மருத்துவமனையின் மருத்துவர்கள் ஒரே குடும்பத்தில் அடுத்தடுத்து வந்த மூளைக்காய்ச்சலைச் சாதாரணமாக எடுத்துக்கொள்ளாததால்தான்.

ஆகவே தளத்தில் எண்களை நிரப்புவதைவிட, 'இது வழக்கமாக இல்லை' என்று ஒரு மருத்துவர் தொலைபேசியில் சொன்னால் அதைக் கேட்டு மாதிரியை எடுக்க அன்றைக்கே ஒருவர் வருவாரா என்பதுதான் என் கேள்வி.

நெறியாளர்:

ஒரு குறிப்பிட்ட மருத்துவமனையின் பெயரைச் சொல்லி, அது நோயாளிகளை மறைத்ததாக எழுதப்பட்ட பதிவு ஒன்று நீக்கப்பட்டுள்ளது. பெயரின்றி விவாதத்தைத் தொடரலாம்.

உயர்நீதிமன்ற வளாகம்:

தகவல் வேண்டும் என்பதில் எல்லாரும் ஒன்றுபடுகிறீர்கள். யாருடைய தகவல் என்பதையும் கொஞ்சம் யோசிக்க வேண்டும். கொரோனாக் காலத்தில் வீட்டு வாசலில் தகரம் அடித்ததையும், தனிமைப்படுத்தப்பட்ட வீடு என்று தாள் ஒட்டியதையும் சென்னையில் யாரும் மறந்திருக்க மாட்டார்கள். அறிவித்தால் ஊருக்கே தெரிந்துவிடும் என்ற அச்சம் வந்துவிட்டால், சோதனையையே தவிர்ப்பார்கள். அப்போது கணக்கு இன்னும் பொய்யாகும். எச்.ஐ.வி.யில் இந்தப் பாடத்தை நாம் கற்றிருக்கிறோம். 2017-இல் இயற்றப்பட்ட சட்டம் ஒருவருடைய நிலையை அவருடைய ஒப்புதலின்றி வெளியிடுவதைத் தடுக்கிறது. அதே நேரத்தில், தேர்ந்தெடுத்த மகப்பேறு மருத்துவமனைகளில் பெயர் நீக்கிய இரத்த மாதிரிகளைச் சோதித்தே நோய் எந்தத் திசையில் போகிறது என்று பல ஆண்டுகள் அறிந்துகொண்டார்கள். போக்கை அறியப் பெயர் வேண்டியதில்லை. கொசுவை ஒழிக்கத் தெருவின் பெயர் போதும். காசநோய் போல ஒருவரைத் தொடர்ந்து கவனிக்க வேண்டிய இடத்தில் மட்டும்தான் பெயரும் முகவரியும் தேவைப்படுகின்றன. எல்லா நோய்க்கும் எல்லா விவரத்தையும் கேட்பது வசதியாக இருக்கலாம், தேவையாக இருக்காது.

ஓய்வுபெற்ற சுகாதார ஆய்வாளர்:

தெருவின் பெயர் போதாது, ஐயா. பத்துத் தளம் கொண்ட குடியிருப்பில் எந்தத் தளம், எந்த வீட்டின் தொட்டி என்று தெரியாமல் எங்கள் ஆட்கள் எங்கே போவார்கள்? டெங்குவைப் பரப்பும் ஏடிஸ் கொசு அதிகத் தொலைவு பறப்பதில்லை. நோயாளியின் வீட்டையும் சுற்றியுள்ள வீடுகளையும்தான் பார்க்க வேண்டும். முகவரி எங்களுக்கு வேண்டும், ஆனால் அது எங்களோடு நிற்க வேண்டும், வாசலில் ஒட்டப்படக் கூடாது. இந்த அளவில் உங்களோடு உடன்படுகிறேன்.

எண்ணும் எழுத்தும்:

கொரோனாவைக் குறிப்பிட்டதால் இன்னொன்றும் சொல்ல வேண்டும். ஒரே கணக்கை நம்பியிருப்பதன் ஆபத்தை இந்த நகரம் கண்கூடாகப் பார்த்தது. 2020 ஜூனில், மாநகராட்சியின் இறப்புப் பதிவேட்டில் இருந்த கொரோனா இறப்புகளுக்கும் மாநில அரசு அன்றாடம் வெளியிட்ட எண்ணுக்கும் இடையே வேறுபாடு இருப்பது வெளியே தெரிந்தது. சரிபார்க்க ஒரு குழு அமைக்கப்பட்டது. ஜூலையில், விடுபட்டிருந்த 444 இறப்புகள் ஒரே நாளில் மாநிலக் கணக்கில் சேர்க்கப்பட்டன. அப்போது பலர் அரசைத் திட்டினார்கள். நான் அதை வேறு விதமாகப் பார்க்கிறேன். இறப்புப் பதிவு என்ற தனித்த பதிவேடு வேறு ஒரு சட்டத்தின்கீழ், வேறு ஒரு அலுவலகத்தில் இருந்ததால்தான் அந்த 444 பேரும் மீட்கப்பட்டார்கள். டெங்குவுக்கு அப்படி ஒப்பிட்டுப் பார்க்க இரண்டாவது ஏடு எது? காசநோய்க்கு இருக்கிறது: அதன் முக்கிய மருந்துகள் எச்1 அட்டவணையில், அதாவது விற்பனையைத் தனியாகக் கண்காணிக்க வேண்டிய மருந்துகளின் பட்டியலில், இருப்பதால் மருந்துக்கடைக்காரர் அவற்றைத் தனிப் பதிவேட்டில் எழுதி மூன்றாண்டுகள் வைத்திருக்க வேண்டும். டெங்குவுக்குத் தனி மருந்தே இல்லை. பாராசிட்டமால் விற்பனையைக் கொண்டு எதைக் கணிப்பது? ஆய்வகங்கள் வாங்கும் சோதனை அட்டைகளின் எண்ணிக்கையையும் அவற்றில் எத்தனை நேர்மறை என்பதையும் வாரம் ஒருமுறை கேட்டாலே, பெயர் ஒன்றும் இல்லாமல், ஒரு நல்ல இரண்டாவது ஏடு கிடைத்துவிடும்.

அடையாறுவாசி:

நான் கேட்டதற்கு மேல் கிடைத்திருக்கிறது, நன்றி. நடைமுறையில் ஒன்றைக் கேட்கிறேன். எங்கள் குடியிருப்புச் சங்கம் தானாகவே தகவல் கொடுக்க விரும்பினால், யாரிடம், எப்படிச் சொல்வது? துரிதச் சோதனைச் சீட்டை ஏற்பார்களா?

ஓய்வுபெற்ற சுகாதார ஆய்வாளர்:

ஏற்பார்கள். உறுதியான கணக்கில் சேராவிட்டாலும், கொசுப்புழு தேட அந்தச் சீட்டே போதுமான காரணம். உங்கள் வார்டுக்குரிய நகர்ப்புற ஆரம்ப சுகாதார நிலையத்தின் மருத்துவ அலுவலரிடம் நேரில் சொல்லுங்கள். முடியாவிட்டால் 104 என்ற சுகாதார உதவி எண்ணில் தெரிவிக்கலாம். காய்ச்சல் தொடங்கிய தேதி, வயது, வீட்டு எண், அதற்கு முன் வெளியூர் போனாரா என்ற நான்கும் இருந்தால் போதும். சங்கம் அனுப்பும்போது குணமானவர்களையும் சேர்த்து அனுப்புங்கள். இன்று காய்ச்சலில் இருப்பவரை மட்டும் சொன்னால் எப்போது தொடங்கியது என்பது தெரியாமல் போய்விடும். மேல்தொட்டியின் மூடியையும் கிணற்றையும் அதற்கு முன்பே நீங்களே பார்த்துவிடலாம், அதற்கு யாருடைய அனுமதியும் வேண்டாம்.

எண்ணும் எழுத்தும்:

அப்படி அனுப்பும்போது ஒன்றைக் கவனியுங்கள். உங்கள் சங்கத்தைப் பார்த்து மற்றச் சங்கங்களும் அனுப்பத் தொடங்கினால், அடுத்த பருவத்தில் அடையாறுதான் நகரிலேயே மோசமான பகுதி என்று செய்தி வரும்.

அடையாறுவாசி:

வரட்டும். ஞாயிற்றுக்கிழமைச் சங்கக் கூட்டத்தில் அதையும் சொல்லியே அனுமதி கேட்கிறேன். வாடகைக்கு விட்டிருப்பவர்கள்தான் எதிர்ப்பார்கள் என்று நினைக்கிறேன்.